1983-ஐ மறுபடி ஆடிப் பார்ப்போமா?



ஆசிரியர் வராத பாடவேளையில் நீங்கள் 'புக் கிரிக்கெட்' ஆடியிருப்பீர்கள். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் இதற்குச் சமூக அறிவியல் புத்தகம்தான் ஏற்றது, அதுதான் தடிமனானது. கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை விரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் 2, 4, 6 என்றால் அத்தனை ஓட்டங்கள். 8 என்றால் 1 ஓட்டம். 0 என்றால் அவுட். இது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் அப்போது நினைத்திருந்தோம். ஆனால் இதைச் சற்றுத் திருத்தி அமைத்தால், விஞ்ஞானிகள் நாள்தோறும் பயன்படுத்தும் அருமையான கருவி ஒன்று கிடைக்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

சென்ற ஆண்டு திருப்பூரில் எங்கள் கல்லூரி வகுப்பில் நிகழ்தகவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவர் எழுந்து, "சார், 1983-ல இந்தியா உலகக் கோப்பை ஜெயிச்சது திறமைங்களா, அதிர்ஷ்டங்களா? எங்கப்பா திறமைங்கிறார். பெரியப்பா அதிர்ஷ்டங்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இதே சண்டைங்க" என்றார். வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் கேட்டார்: "எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க சார். போன வாரம் ஒரு லாட் ரிஜெக்ட் ஆயிருச்சு. செக்கிங் சரியில்லைன்னு எல்லாரும் அம்மா டேபிளைத்தான் திட்றாங்க. அதுவும் இதே மாதிரி கணக்குதானுங்களா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. ஒரே ஒரு முறை நடந்த ஒன்றைப் பார்த்து, அதன் காரணத்தை எப்படிச் சொல்வது? முதலில் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

1983 ஜூன் மாதம். இங்கிலாந்தில் மூன்றாவது உலகக் கோப்பைப் போட்டி. அப்போது நான் கைக்குழந்தை. கேட்டும் படித்தும் அறிந்ததையே சொல்கிறேன். அந்நாளில் ஒருநாள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 60 ஓவர்கள். இதற்கு முன் 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா 6 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில்தான் வென்றிருந்தது. அதுவும் கிழக்கு ஆப்பிரிக்க அணியை எதிர்த்து. அந்த இரு கோப்பைகளையும் வென்றது மேற்கிந்தியத் தீவுகள் அணி.

1983-ல் இந்தியாவின் பிரிவில் மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா, ஜிம்பாப்வே ஆகிய அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியுடனும் இரண்டு ஆட்டங்கள். இந்தியா முதல் ஆட்டத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளை 34 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அடுத்து ஜிம்பாப்வேயை வென்றது. பிறகு ஆஸ்திரேலியாவிடம் 162 ஓட்டங்களிலும், மேற்கிந்தியத் தீவுகளிடம் 66 ஓட்டங்களிலும் தோற்றது. மீண்டும் ஜிம்பாப்வேயை 31 ஓட்டங்களிலும், ஆஸ்திரேலியாவை 118 ஓட்டங்களிலும் வென்றது. ஆக, 6 ஆட்டங்களில் 4 வெற்றி. அரையிறுதியில் இங்கிலாந்தை 6 விக்கெட்டில் வென்றது. ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம். இந்தியா 183, நம் சென்னை வீரர் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டங்களே அன்றைய ஆட்டத்தின் உயர்ந்த எண்ணிக்கை. மேற்கிந்தியத் தீவுகள் 140. வித்தியாசம் 43 ஓட்டங்கள்.

வரலாறு இதை ஒரே ஒரு முறைதான் ஆடியது. அதே வீரர்கள், அதே திறமையுடன், ஆயிரம் முறை ஆடியிருந்தால்? நாம் ஆடிப் பார்க்கலாம். மைதானம் வேண்டாம், பகடையும் தாளும் போதும்.

புக் கிரிக்கெட்டின் பிழை

புத்தகத்தையே பயன்படுத்தினால் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். இடப்பக்க எண் எப்போதும் இரட்டைப்படை. ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தில் ஒன்று. அதாவது ஒவ்வொரு பந்திலும் அவுட் ஆகும் வாய்ப்பு 1/5. பத்து விக்கெட் விழச் சராசரியாக 50 பந்துகள் போதும். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 13 ஓட்டம்; ஆக மொத்தம் 130.

மொத்த ஓட்டம் உண்மைக்கு அருகில் இருப்பது போலத் தோன்றுகிறதல்லவா? ஏமாந்துவிடாதீர்கள். இறுதி ஆட்டத்தில் இந்தியா 54.4 ஓவர்களில், அதாவது 328 பந்துகளில், பத்து விக்கெட்டுகளையும் இழந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவர்களில், அதாவது 312 பந்துகளில். எனவே ஒரு பந்தில் விக்கெட் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 1/32. புத்தகம் சொல்வதோ 1/5! மொத்தம் பொருந்தினாலும் உள்ளே நடப்பது பொருந்தவில்லை. ஓர் மாதிரி ஆட்டத்தை அமைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, அதன் வாய்ப்புகளை உண்மையான வாய்ப்புகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதே. தராசைப் பயன்படுத்துமுன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது போல.

இரண்டு பகடைகள்

இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 36 விதமாக விழலாம். இரண்டிலும் 6 விழுவது அவற்றுள் ஒன்றுதான். 1/36 என்பது 1/32-க்கு மிக அருகில் இருக்கிறது! ஆகவே விதிகளை இப்படி அமைப்போம்:

6-6 விழுந்தால் அவுட் (1 விதம்).
5-5 அல்லது 4-4 விழுந்தால் 4 ஓட்டம் (2 விதம்).
3-3 அல்லது 2-2 விழுந்தால் 2 ஓட்டம் (2 விதம்).
கூட்டுத்தொகை 7 அல்லது 11 என்றால் 1 ஓட்டம் (8 விதம்).
மற்ற 23 விதங்களுக்கும் ஓட்டம் இல்லை.

சரிபார்ப்போம். 36 விதங்களுக்கும் மொத்த ஓட்டம் 8 + 4 + 8 = 20. பந்துக்குச் சராசரி 20/36 = 0.556. இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் சராசரி 183/328 = 0.558. நன்றாகவே பொருந்துகிறது.

360 பந்துகள் முடியும் வரை, அல்லது பத்து விக்கெட் விழும் வரை உருட்டுங்கள். ஒருவர் உருட்ட, ஒருவர் குறிக்க, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் இன்னிங்ஸ் முடியும். பல முறை ஆடினால் சராசரி சுமார் 175 ஓட்டம் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் 175 வராது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை எண்ணிக்கை 140-க்கும் 210-க்கும் இடையே இருக்கும். மற்ற முறைகளில் அதற்கு வெளியே போகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இரண்டு அணிகளுக்கும் இதே பகடை, இதே விதிகள் என்று வையுங்கள். அதாவது திறமையில் மயிரிழை வேறுபாடும் இல்லாத இரண்டு அணிகள். அப்படியிருந்தும், முதலில் ஆடும் அணி 43 ஓட்டமோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் வெல்வது ஏறத்தாழ ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு முறை நடக்கும்! ஆகவே, '43 ஓட்டத்தில் வென்றோம், எனவே நாம்தான் மேலான அணி' என்று அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரியப்பா புன்னகைக்கலாம். ஆனால் அவசரம் வேண்டாம்.

முழுத் தொடரையும் ஆடுவோம்

எட்டு ஆட்டங்களையும் பந்து பந்தாக உருட்டினால் ஒரு நாள் போய்விடும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு பகடையை ஒரே முறை உருட்டுவோம். இந்தியா வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று வைப்பது? அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த மூன்று ஒருநாள் ஆட்டங்களில், கயானாவின் ஆல்பியன் மைதானத்தில் இந்தியா ஒன்றை வென்றிருந்தது. எனவே அவர்களுக்கு எதிராக 1/3 என்று வைக்கலாம். மற்றவை நம் ஊகம். விதிகள் இவை:

மேற்கிந்தியத் தீவுகள், இங்கிலாந்து: 1, 2 விழுந்தால் இந்தியாவுக்கு வெற்றி.
ஆஸ்திரேலியா: 1, 2, 3 விழுந்தால் வெற்றி.
ஜிம்பாப்வே: 6 தவிர எது விழுந்தாலும் வெற்றி.
பிரிவு ஆட்டங்கள் ஆறில் குறைந்தது 4 வெற்றி இருந்தால் அரையிறுதி.

கணக்கும் போட்டுவிடலாம். மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா ஆகியவற்றுடன் ஆடும் நான்கு ஆட்டங்களில் நான்கிலும் வெல்லும் வாய்ப்பு 1/36. மூன்றில் மட்டும் 6/36. இரண்டில் மட்டும் 13/36. மூன்று வென்றால் ஜிம்பாப்வேயிடம் ஒன்றாவது வெல்ல வேண்டும் (35/36). இரண்டு வென்றால் ஜிம்பாப்வேயை இரு முறையும் வெல்ல வேண்டும் (25/36). எனவே:

1/36 + (6/36 × 35/36) + (13/36 × 25/36) = 0.028 + 0.162 + 0.251 = 0.441

அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு 44 சதவீதம். இந்தியா உண்மையில் சென்றது இந்த மூன்றாவது வழியில்தான் என்பதைக் கவனியுங்கள். அரையிறுதியிலும் இறுதியிலும் வெல்ல 1/3 × 1/3. எல்லாம் பெருக்கினால் 0.049. அதாவது 20 முறை ஆடினால் சுமார் ஒரு முறை கோப்பை நமக்கு.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 1 விழுந்தால் மட்டும், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 1, 2 விழுந்தால் மட்டும் வெற்றி என்று வையுங்கள். பகடையில் ஒவ்வொரு முகம்தான் குறைந்தது. ஆனால் கோப்பை வெல்லும் வாய்ப்போ 93-க்கு 1 என்று சரிந்துவிடும்! போட்டி தொடங்குமுன் இங்கிலாந்தின் பந்தயக்காரர்கள் இந்தியாவுக்குச் சொன்ன விலை 66-க்கு 1. நம் இரண்டு கணக்குகளுக்கும் நடுவே அது விழுகிறது.

இங்கேதான் விடை ஒளிந்திருக்கிறது. பகடையின் எத்தனை முகங்களில் நம் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது திறமை. எந்த முகம் மேலே விழுகிறது என்பது அதிர்ஷ்டம். பயிற்சியும் உழைப்பும் ஒரு முகத்தைக் கூட்டலாம். எந்த முகம் விழும் என்பதை முடிவு செய்ய முடியாது. ஆனால் பல ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டிய இடத்தில், கூடுதலான அந்த ஒவ்வொரு முகமும் ஒன்றோடொன்று பெருகி, 93-க்கு 1 என்பதை 20-க்கு 1 ஆக்கிவிடுகிறது.

சீட்டாட்டத்தில் பிறந்த முறை

1946-ஆம் ஆண்டு. போலந்திலிருந்து வந்து அமெரிக்காவில் வாழ்ந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லா உலாம், நோயிலிருந்து தேறி ஓய்வில் இருந்தார். பொழுது போகத் தனியாகச் சீட்டாடினார். இந்த ஆட்டம் வெற்றியில் முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார். கணக்கு சிக்கலாகிக்கொண்டே போனது. அதைவிட நூறு முறை ஆடிவிட்டு, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணினால் என்ன என்று தோன்றியது.

அணுவுக்குள் இருந்து வெளிப்படும் நியூட்ரான் ஒரு பொருளுக்குள் செல்லும்போது என்ன ஆகும்? ஒவ்வொரு மோதலிலும் அது உறிஞ்சப்படலாம், சிதறலாம், அல்லது புதிய நியூட்ரான்களை உண்டாக்கலாம். நம் இரண்டு பகடை ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தையும் போலத்தான் இது! உலாமும் ஜான் வான் நாய்மனும் இந்த முறையை நியூட்ரான்களுக்குப் பயன்படுத்தினார்கள். பகடை உருட்டும் வேலையை எனியாக் என்ற ஆரம்பகாலக் கணிப்பொறி ஏற்றது. உடன் பணியாற்றிய நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ், மொனாக்கோ நாட்டுச் சூதாட்ட விடுதியை நினைத்து இதற்கு 'மாண்டி கார்லோ முறை' என்று பெயர் சூட்டினார். அவரும் உலாமும் எழுதிய கட்டுரை 1949-ல் வெளியாயிற்று.

எத்தனை முறை ஆடினால் போதும்? 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் தொடரை 5 முறை ஆடினால் மொத்தம் 200 தொடர்கள். 20-க்கு 1 என்றால் 10 கோப்பைகளை எதிர்பார்க்கலாம். ஆனால் இதில் ஏற்ற இறக்கம் √10, அதாவது சுமார் 3 இருக்கும். 7 வந்தாலும் 13 வந்தாலும் வியப்பில்லை. துல்லியம் இரு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு ஆட வேண்டும்.

பகடைக்குத் தெரியாதது

ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் ஜிம்பாப்வேயுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியா 17 ஓட்டத்துக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றது. நம் இரண்டு பகடைகளை அந்த இடத்திலிருந்து உருட்டிப் பாருங்கள். சராசரியாக 115 ஓட்ட அளவில் ஆட்டம் முடிந்துவிடும். உண்மையில் நடந்தது என்ன? கபில்தேவ் 138 பந்துகளில் 175 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவரும் கிர்மானியும் பிரியாமல் 126 ஓட்டம் சேர்த்தார்கள். இந்தியா 266. அந்த ஆட்டம் படமெடுக்கப்படவில்லை. ஆகவே அதை நாம் மறுபடி பார்க்க வழியே இல்லை.

நம் பகடைக்குக் கபில்தேவைத் தெரியாது. அது பதினொரு பேரையும் ஒரே ஆளாக எண்ணுகிறது. இந்தக் குறையைத் தீர்க்க ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டை எழுத வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இதையே செய்கிறார்கள். ஹால் ரிச்மன் என்பவர் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற விளையாட்டில், உண்மையான பருவத்தில் ஒவ்வொரு வீரரும் ஆடிய கணக்கிலிருந்து அவருக்கு ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகளை உருட்டி, பழைய பருவம் ஒன்றை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை மறுபடி ஆடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: கபில்தேவின் அட்டையை அந்த 175-ஐ மட்டும் வைத்து எழுதக் கூடாது. அது விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினாத்தாள் எழுதுவது போல. நெடுநாள் ஆட்டக் கணக்கிலிருந்துதான் எழுத வேண்டும்.

செக்கிங் டேபிளில்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். 2000 பீஸ் உள்ள லாட்டில் எல்லாவற்றையும் வாங்குபவரின் ஆய்வாளர் பார்ப்பதில்லை. 'ஏ.கியூ.எல். 2.5' என்ற அட்டவணைப்படி 125 பீஸ்களை எடுத்துப் பார்ப்பார். ஓட்டை, தையல் விடுபட்டது, எண்ணெய்க் கறை என்று 7 டேமேஜ் வரை இருந்தால் லாட் தேறும். 8 என்றால் ரிஜெக்ட்.

இதுவும் பகடைதான். லாட்டில் உண்மையாகவே 2.5 சதவீதம் டேமேஜ் இருந்தால், நூறில் ஒன்றிரண்டு தவிர எல்லா லாட்டும் தேறும். 4 சதவீதம் என்றால் எட்டில் ஏழு தேறும், ஒன்று திரும்பும். 6 சதவீதம் என்றால் ஏறத்தாழ பூவா தலையா போல. 8 சதவீதம் டேமேஜ் உள்ள மோசமான லாட்கூட ஐந்தில் ஒரு முறை தப்பிவிடும்.

"ஒரு லாட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாதும்மா. முந்தைய கணக்கு இருந்தால் கொண்டு வாருங்கள்" என்றேன். அடுத்த வாரம் அவர் தம் அம்மாவின் சிறு நோட்டைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு லாட்களின் ஆய்வு எண்கள்: 4, 6, 3, 5, 7, 4, 5, 2, 6, 5, 5, 8. கூட்டினால் 60. சராசரி 5. அதாவது 125-க்கு 5. சரியாக 4 சதவீதம்.

வகுப்பே சேர்ந்து படித்துப் பார்த்தோம். அந்த வாரம் புதிதாக யாரும் கவனக்குறைவாக இருந்ததற்கு இந்த எண்களில் அடையாளம் இல்லை. எட்டில் ஒரு லாட் திரும்பும் பகடையைத்தான் அந்தக் கம்பெனி பல மாதங்களாக உருட்டிக்கொண்டிருந்தது. இம்முறை அந்த முகம் விழுந்தது. திருத்த வேண்டியது ஓர் ஆளை அல்ல. அந்த 4 சதவீதத்தை. நிட்டிங், டையிங், தையல் என்று செக்கிங்குக்கு முன்னால் எங்கே டேமேஜ் பிறக்கிறது, அது ஏன் செக்கிங்கிலும் தப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தாளை அவருடைய அம்மா சூப்பர்வைசரிடம் காட்டினாராம். பழி முழுவதும் நீங்கிவிடவில்லை. ஆனால் தையல் லைனிலேயே டேமேஜ்களை எண்ணி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். பகடையின் ஒரு முகத்தை மாற்றும் வேலை அதுதான்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொல்ல வேண்டிய விடை என்ன என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

செய்து பாருங்கள்

1. முதல் விதிகளின்படி தொடரை 20 முறை ஆடுங்கள். எத்தனை முறை அரையிறுதி? எத்தனை முறை கோப்பை? வகுப்பில் எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டி 0.441, 0.049 ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

2. மாற்றிய விதிகளின்படி 200 தொடர்கள் ஆடினால் சராசரியாக 2 கோப்பைகள்தாம் கிடைக்கும். ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு என்ன? (விடை: ஏறத்தாழ 12 சதவீதம். பிளஸ் டூ மாணவர்கள் கணக்கிட்டுச் சரிபார்க்கவும்.)

3. ஒரே அளவுள்ள 96 வெள்ளைப் பொத்தான்களையும் 4 கறுப்புப் பொத்தான்களையும் துணிப்பையில் போட்டுக் குலுக்குங்கள். பாராமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி பையிலேயே போடுங்கள். இப்படி 125 முறை. கறுப்பு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் 'ரிஜெக்ட்'. எத்தனை லாட்டுக்கு ஒன்று திரும்புகிறது?